அளந்து பார்த்த மண்

ஜூலை 3, புதன்

என் மகள் பல் மருத்துவர். நான் கீழ்த்தளத்தில் இருக்கிறேன், அவள் குடும்பம் மேல்தளத்தில். ஆனாலும் பல்லைக் காட்ட வேண்டுமென்றால் அவளுடைய மருத்துவமனையில் முன்பதிவு செய்துகொண்டு வரிசையில் உட்கார வேண்டியிருக்கிறது. இன்று கடைவாய்ப் பல்லை ஆட்டிப் பார்த்துவிட்டு, "எடுத்துடலாம்மா" என்றாள். ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியரான என் உடம்பில் இன்னும் வேலைக்குப் போய்வருவது அந்தப் பல் ஒன்றுதான். இருந்துவிட்டுப் போகட்டும் என்று எழுந்து வந்துவிட்டேன்.

மாலையில் தங்கை பேசினாள். ஆற்றங்கரையில் இருக்கும் அவளுடைய ஊருக்குள் போன மாதம் வெள்ளம் புகுந்தது. அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தின் மாடி வகுப்பறையில் இருக்கிறாள். வீடு விழவில்லை. ஆனால் ஊரைக் கூட்டி அள்ளியவர்கள் மெத்தை, கதவு, குளிர்பதனப் பெட்டி, சேறு என்று எல்லாவற்றையும் அவள் தெருவில் குவித்திருக்கிறார்கள். குவியல் அவள் வாசற்கதவின்மேல் சாய்ந்து கிடக்கிறது. ஊரின் குப்பைக் கிடங்கு இன்னும் நீருக்கடியில். குவியலைக் கொண்டுபோக இடம் கிடைத்தால்தான் கதவு திறக்கும்.

"இங்கே வந்து இரேன்" என்றேன்.

"வெள்ளத்துக்குத் தப்பிச்சவ உன் வாயில போய் விழணுமாக்கா?" என்றாள். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டேன்.

ஜூலை 8, திங்கள்

நகராட்சித் தலைவர் வீட்டுக்கே வந்துவிட்டார். எதைக் கேட்டாலும் "ஒண்ணுமில்லீங்க" என்று தொடங்குகிற மனிதர். குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் ஒண்ணுமில்லை, பாலம் உட்கார்ந்துவிட்டாலும் ஒண்ணுமில்லை. ஊரில் அவருக்கு 'ஒண்ணுமில்லையார்' என்று பெயர்.

ஆற்றங்கரை ஊர், தன் வெள்ளக் குப்பையை எடுத்துக்கொள்ள முடியுமா என்று சுற்றியுள்ள ஊர்களை எல்லாம் கேட்டிருக்கிறது. நம் கிடங்கில் இடம் இருக்கிறது. பக்கத்து ஊர்கள் மறுத்துவிட்டன. குப்பையில் விஷம் கலந்திருக்குமோ என்று இங்கேயும் பேச்சு. ஆகவே ஒரு ஆய்வுக் குழு. அதில் நான் இருக்க வேண்டுமாம்.

"நீங்க சொன்னா ஊரே நம்பும்மா."

"விஷம் இருக்கிறது என்று சொன்னாலும் நம்புமா?"

சிரித்தார். அந்தப் பக்கம் அவர் யோசிக்கவே இல்லை என்று தெரிந்தது. ஒப்புக்கொண்டேன். தங்கை அங்கே இருப்பதால்தான் ஒப்புக்கொண்டாள் என்று பேசுவார்கள். அதனாலும்தான்.

ஜூலை 11, வியாழன்

நகர்மன்றக் கூட்டம். பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எழுதி வைக்க வேண்டியவை பல.

மருந்துக்கடைக்காரர்: "பக்கத்து ஊர்க்காரன் வேண்டாம்னு தள்ளினதை நாம ஏன் தூக்கணும்? அவன் என்ன மடையனா?" முன்னாள் ஓட்டுநர் ஒருவர், இப்போது உறுப்பினர்: "லாரி என் வீட்டு வாசல் வழியாத்தான் போகும். யாராவது இல்லன்னு சொல்லட்டும், பார்க்கலாம்." தையற்கடை அம்மாள்: "இன்னிக்கு வெள்ளக் குப்பைன்னு வாங்குவோம். நாளைக்கு எவன் வீடு இடிச்சாலும் இங்கதான் கொட்டுவான்." ஒருவர் ஒன்றுமே சொல்லாமல் அடுத்த தேர்தலை நினைத்துக்கொண்டிருந்தார், முகத்திலேயே தெரிந்தது.

ஆதரித்தவர்கள் இரண்டே பேர். ஒருவரிடம் லாரிகள் இருக்கின்றன. இன்னொருவரிடம் மனசாட்சி இருக்கிறது. அவர் பேசியபோது மின்விசிறியின் சத்தம்தான் தெளிவாகக் கேட்டது.

முடிவில் தலைவர் எழுந்து, "ஒண்ணுமில்லீங்க, அதுல ஒரு விஷமும் இல்ல" என்றார். அதுவரை அரைமனதாக இருந்தவர்களும் அந்த நிமிடத்திலேயே விஷம் இருக்கிறது என்று முடிவு செய்துவிட்டார்கள். குப்பையைப் பற்றிய சந்தேகமாக அது எனக்குப் படவில்லை. இவர் இத்தனை வருடம் இல்லை இல்லை என்று சொல்லி வந்த அத்தனையும் சேர்ந்துகொண்டு எழுந்து நின்றது.

ஜூலை 12, வெள்ளி

எதிர்ப்புக் குழு ஒன்று உருவாகியிருக்கிறது. தலைவி யார்? என் மகள்.

செய்தியை எனக்குச் சொன்னவர் மாப்பிள்ளை. சொல்லிவிட்டு, ஏதோ தானே கூட்டத்தைக் கூட்டியதுபோல மாடிப்படியில் வேகமாக ஏறிப் போய்விட்டார்.

அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். சமையலறை வாசலில் நின்றபடி பதில் சொன்னாள். "எனக்கு நாலு வயசுல குழந்தை இருக்கும்மா. ஒரு அம்மாவா யோசிக்கிறேன்."

"நானும் அந்த வேலையைக் கொஞ்ச நாள் பார்த்திருக்கிறேன். சித்தியின் வாசல் அடைபட்டுக் கிடப்பது தெரியுமல்லவா?"

"சித்திக்காக உயிரைக் கூடக் கொடுப்பேன்."

"உயிரை யார் கேட்டார்கள்? கொஞ்சம் இடம் கேட்கிறார்கள்."

முகம் சிவந்துவிட்டது. "உனக்கு எல்லாமே கிண்டல்தான். அது என்ன குப்பைன்னு உனக்குத் தெரியுமா? பெயின்ட், பேட்டரி, பூச்சி மருந்து, எல்லாம் ஊறி வந்த சேறு. நான் மாடியில ஒரு சொட்டு மருந்து அடிக்காம கீரை வளர்த்து அவளுக்குக் கொடுக்கறேன். அதே ஊர்ல அந்தச் சேத்தைக் கொண்டுவந்து கொட்டுவாங்களாம், நான் பேசாம இருக்கணுமாம்."

கேள்வி நியாயமானது. அது என்ன குப்பை என்று எனக்கும் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று சொல்லும் பழக்கம் இரண்டு கட்சிக்கும் இருக்கிறது.

ஜூலை 15, திங்கள்

மகள் கீழே சாப்பிட வரவில்லை. கீரை மட்டும் கிண்ணத்தில் வந்தது. கோபத்திலும் உப்பு சரியாகத்தான் இருந்தது.

ஜூலை 19, வெள்ளி

என் பழைய மாணவி இப்போது பல்கலைக்கழகத்தில் துறைத் தலைவி. மண்ணில் ஈயம் முதலான உலோகங்கள் எவ்வளவு என்று உடனே சொல்லும் கருவி ஒன்று அவளிடம் இருக்கிறது. பார்வைக்குத் தலைமுடி உலர்த்தும் கருவி போல இருக்கும். மண்ணின்மேல் வைத்து விசையை அழுத்தினால் திரையில் எண் வரும். "கொண்டு வர்றேன் மேடம். ஆனா ஈர மண்ணுல வெச்சா குறைச்சுக் காட்டும், நீங்களே திட்டுவீங்க" என்றாள். மறக்கவில்லை. பரவாயில்லை.

அறையில் அளந்து அறிக்கை கொடுத்தால் எவரும் நம்ப மாட்டார்கள். நகராட்சி முற்றத்தில், எல்லாரும் பார்க்க, பெரிய திரையில் எண் தெரிய அளக்க வேண்டும் என்று குழுவில் சொன்னேன். பாதுகாப்பான எல்லை கிலோ மண்ணுக்கு நானூறு மில்லிகிராம் ஈயம் என்பதையும் முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும், அளந்த பிறகு எல்லையை நகர்த்த எவருக்கும் இடம் கொடுக்கக் கூடாது.

தலைவர் தலையாட்டினார். ஒண்ணுமில்லையாம்.

ஜூலை 24, புதன்

ஆற்றங்கரையிலிருந்து வாளிகளில் சேறு வந்தது. உலர்த்தி, கட்டிகளை உடைத்து, சலித்து வைக்க வேண்டும். வெயில் விழும் இடம் மாடி மட்டும்தான். தட்டுகளில் பரப்பிவிட்டுத் திரும்பினால் மகள் நிற்கிறாள்.

"என் கீரைப் பாத்திக்குப் பக்கத்துலயா?"

"மூடித்தான் வைத்திருக்கிறேன்."

"குழந்தை விளையாடற இடம்மா இது! உனக்குக் கொஞ்சமாவது இருக்கா?"

தட்டுகளை எடுத்துக்கொண்டு கீழே போய் என் சன்னலோரத்தில் வைத்துக்கொண்டேன். சேற்றில் குளியலறைக் குவளை ஒன்று கிடந்தது. எவருடைய வீட்டிலோ எவரும் திருடிவிடக் கூடாதென்று அதன் பிடியில் கயிறு கட்டியிருக்கிறார்கள். கயிற்றின் மறுமுனையில் குழாயும் பெயர்ந்து வந்திருந்தது. சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

ஜூலை 27, சனி

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும். வரிசை தப்பினால் எனக்கே நம்பிக்கை வராது.

முற்றம் நிறையக் கூட்டம். மாணவி, எவ்வளவு ஈயம் இருக்கிறது என்று முன்பே தெரிந்த ஆய்வக மாதிரியை முதலில் அளந்தாள். கருவி சரியாகக் காட்டியது. அடுத்து வெள்ளச் சேறு: முப்பத்தெட்டு. வேறு தட்டு: நாற்பத்தொன்று. இன்னொன்று: முப்பத்தைந்து. எல்லை நானூறு.

முணுமுணுப்பு எழுந்தது. மருந்துக்கடைக்காரர், "இந்த மெஷின்ல எதை வெச்சாலும் அவ்வளவுதான் காட்டும்போல" என்றார். சிலர் சிரித்தார்கள்.

அப்போது என் மகள் முன்னால் வந்தாள். கையில் ஒரு பூந்தொட்டி. "இது எங்க மாடித் தோட்டத்து மண். நகராட்சி விக்கிற உரத்தைப் போட்டு நானே வளர்த்தது, உலர்த்தித்தான் கொண்டு வந்திருக்கேன். இதையும் அளங்க. சுத்தமான மண் எப்படி இருக்கும்னு ஊர் பார்க்கட்டும்."

எனக்கு உள்ளூரப் பெருமை. அப்படியொரு ஒப்பீடு வேண்டும் என்று நானே கேட்க இருந்தேன். சுத்தமான மண்ணும் ஏறக்குறைய அதே எண்ணைக் காட்டும்; வாதம் முடிந்துவிடும்; தங்கையின் கதவு திறக்கும். என் மகள் எனக்கே துணை செய்கிறாள், பாவம், தெரியாமல் செய்கிறாள் என்று நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன்.

ஆயிரத்து நானூற்று அறுபது.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கருவி கெட்டுவிட்டது என்றார்கள். மாணவி என் முகத்தைப் பார்த்தாள். ஆய்வக மாதிரியை மறுபடி அளந்தாள், சரியாக இருந்தது. வெள்ளச் சேறு: முப்பத்தேழு. தொட்டியில் வேறு இடம்: ஆயிரத்து ஐந்நூற்றுப் பத்து.

சிரிப்பு நின்றது. மருந்துக்கடைக்காரர் ஓடிப்போய்த் தன் வீட்டுத் துளசித் தொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். ஆயிரத்து இருநூறு. அதன்பின் எவரும் எவரிடமும் கேட்கவில்லை, ஆளாளுக்கு ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் முற்றத்தில் தொட்டிகள் வரிசை கட்டி நின்றன. ஈர மண்ணிலேயே எண்ணூறு, ஆயிரம் என்று காட்டியது. தையற்கடை அம்மாளின் தொட்டியில் மட்டும் முப்பது. "நான் அந்த உரமெல்லாம் வாங்கறதில்லீங்க, எங்க கொல்லை மண்ணுதான்" என்றாள், ஏதோ தப்பு செய்துவிட்டவள் போல.

உரம். நகராட்சி உரம்.

தலைவரிடம் கேட்டேன்: உரத்தில் என்ன சேர்க்கிறீர்கள்?

"ஒண்ணுமில்லீங்க... உரம் உதிரியா வரணும்னு கொஞ்சம் மண்ணு கலப்பாங்க. கிடங்குக்குப் பின்னாடி சும்மா கிடக்கற மண்ணுதான்."

"பின்னாலென்றால் எங்கே?"

"முன்னாடி பழைய பேட்டரி உடைக்கிற கொட்டகை இருந்துச்சே... அது இருந்த இடம்."

அவருக்கு அப்போதும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது: பேட்டரிக்குள் இருப்பது ஈயம்.

என் மகள் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். நகக்கண்ணில் அந்த மண் இருந்தது. என்னிடம் மெல்லக் கேட்டாள்: "அம்மா, அவ தினமும் சாப்பிட்டாளேம்மா?"

அதே நாள், மாலை

என்ன எழுத. மாடியில் தண்ணீர் ஊற்றிக் கழுவும் சத்தம் நிற்கவே இல்லை. போய், "கழுவாதே, துடை, இல்லையென்றால் சாக்கடை வழியாகக் கீழே வரும்" என்று சொன்னேன். ஒரு பெண் அழுதுகொண்டு நிற்கும்போது அம்மா சொல்கிற வார்த்தையா அது? வேறு என்ன சொல்வது? எனக்குத் தெரிந்தது அதுதானே! ஈயம். ஈயம், ஐயோ, ஈயம். வகுப்பு வகுப்பாக நின்று சொல்லிக் கொடுத்தது.

பேத்திக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் கொசு. உருவம் சின்னது, கடி பெரியது. தன் கீரைச் செடிகளை ஏன் பைக்குள் போட்டுக் கட்டினீர்கள் என்று என்னைத் திட்டிவிட்டுத் தூங்கப் போனாள்.

ஜூலை 28, ஞாயிறு

கீரை எனக்கும் பிடித்தது.

ஜூலை 30, செவ்வாய்

கொசுவுக்கு இரத்தம் எடுத்தார்கள். ஊசி குத்திய செவிலியரைக் கடித்துவிட்டாள். எங்களுக்கும் எடுத்தார்கள், நாங்கள் எவரையும் கடிக்கவில்லை. மருத்துவமனை வாசலில் வரிசை தெருமுனை வரை. போன வாரம் லாரியை மறிக்கத் தெருவில் உட்காரப் போவதாகச் சொன்ன அதே முகங்கள், இப்போது மடியில் பிள்ளைகளோடு. மருந்துக்கடைக்காரர் எனக்கு இடம் விட்டு எழுந்தார். உட்கார்ந்தேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கிடங்கை மூடி முத்திரை வைத்துவிட்டார்கள். வெள்ளக் குப்பை வேண்டுமா வேண்டாமா என்று நம் மன்றம் வாக்கெடுக்கவே இல்லை. அதற்குள் தங்கை கூப்பிட்டாள்.

"எங்க ஊர்க் கூட்டத்துல முடிவு பண்ணிட்டாங்கக்கா. உங்க ஊருக்கு அனுப்பப் போறதில்லையாம்."

"ஏன்?"

தயங்கினாள். அவள் தயங்குவது அபூர்வம். "எங்க சேறு சுத்தம்னு உங்க மெஷினே சொல்லிடுச்சு. அதைக் கொண்டுபோய் அங்க கொட்டிக் கெடுப்பானேங்கறாங்க."

சிரித்துவிட்டேன். சிரிப்பு அடங்காமல் இருமலாகி, மகள் மாடியிலிருந்து ஓடி வந்தாள். என்னவென்று சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்புறம் உன் கதவு?" என்று கேட்டேன்.

"நாங்களே பிரிக்கறோம். மரம் ஒரு பக்கம், இரும்பு ஒரு பக்கம். சேத்தை ஆத்தோரம் தாழ்வா இருக்கற இடத்துல போட்டு உயர்த்தறாங்க. அளந்தாச்சுங்கறதால எவனும் ஆட்சேபிக்கல. எனக்குக் கண்ணாடிச் சில்லு பொறுக்கற வேலை. கையுறை பெரிசு, வாத்துக் கால் மாதிரி இருக்கு."

ஆகஸ்ட் 14, புதன்

முடிவு வந்தது. எனக்கும் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் கொஞ்சம் கூடுதல். கொசுவுக்கு எங்கள் எல்லாரையும்விடக் கூடுதல். அளவில் சின்ன உடம்பு.

குழந்தை மருத்துவர் நிதானமான மனிதர். இந்த அளவுக்கு மருந்து தேவையில்லை, உள்ளே போவதை நிறுத்தினால் மெல்ல இறங்கும் என்றார். ஆனால் மாடியிலிருந்து மண் முழுவதும் போய், வீட்டுத் தூசி சுத்தமாகும்வரை அவள் அங்கே இருக்கக் கூடாது. தரையில் உட்கார்ந்து விளையாடி விரலை வாயில் வைக்கும் வயது.

"எத்தனை நாள்?" என்று மகள் கேட்டாள்.

"மண்ணை எடுத்துட்டுப் போற அன்னிக்கு வரைக்கும்."

எங்கே எடுத்துப் போவது? ஊர் முழுவதும் வீட்டுக்கு வீடு அந்த மண். கிடங்கு மூடியிருக்கிறது.

ஆகஸ்ட் 22, வியாழன்

நம் மண்ணை ஏற்றுக்கொள்ளும்படி கேட்பதற்கு மேற்கே உள்ள ஊரின் மன்றத்துக்கு ஒரு குழு போனது. தலைவர் ஓரமாக நின்றிருக்கிறார். பேசியவள் என் மகள்.

திரும்பி வந்தவள் என் அறைக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"முடியாதுன்னுட்டாங்க."

"காரணம்?"

"லாரி எந்த வழியா வரும்னு கேட்டாங்க. மத்த ஊர்க்காரங்க என்ன சொன்னாங்கன்னு கேட்டாங்க. ஒரு பொம்பளை எழுந்து, எனக்குக் குழந்தை இருக்குன்னா." கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். "அவ மேல கோபமே வரலம்மா. அதுதான் பயமா இருக்கு."

நாக்கு நுனியில் ஒரு வாக்கியம் வந்து நின்றது. நன்றாகவே அமைந்த வாக்கியம். விழுங்கிவிட்டு, செருப்பைக் கழற்றச் சொன்னேன்.

ஆகஸ்ட் 24, சனி

கொசுவை எங்கே அனுப்புவது என்று மேல்தளத்தில் விவாதம். மாப்பிள்ளையின் அண்ணன் வீட்டில் இடம் இல்லை. இருந்த இடம் விஷயம் தெரிந்ததும் இல்லாமல் போனது. குழந்தையிடமிருந்து ஈயம் ஒட்டிக்கொள்ளும் என்று அவர் மனைவி நினைக்கிறாளாம். படித்தவள்தான். அதிர்ச்சியடைய என்னிடம் இனி மிச்சமில்லை என்று நினைத்திருந்தேன், இருந்திருக்கிறது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாய் வரவில்லை, இதை நம்புகிறவர்கள் குறைவு. தங்கைதான் தானாகக் கூப்பிட்டாள்.

"குழந்தையை இங்க கொண்டு வந்து விடச் சொல்லு. என் கதவு திறந்துட்டது. சுவர்ல இடுப்பளவுக்குக் கறை இருக்கு, மத்தபடி வீடு வீடாத்தான் இருக்கு."

"உனக்கே இப்போதுதான்..."

"எனக்கே இப்பத்தான் என்ன? ஒத்தையா உட்கார்ந்து கறையைப் பார்த்துட்டிருக்கேன். அவ வந்தா கடிக்கவாவது கடிப்பா."

மகள் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கினாள். "சித்தி" என்றாள். மறுமுனையில் தங்கை என்ன சொன்னாளோ, வெகுநேரம் தலையாட்டிக்கொண்டே நின்றாள், தொலைபேசியில் அது தங்கைக்குத் தெரியும் என்பதுபோல.

செப்டம்பர் 2, திங்கள்

போய்விட்டு வந்தோம். தெருவில் குவியல் இல்லை. அது இருந்த இடம் மட்டும் வேறு நிறத்தில் இருக்கிறது. பாலர் பள்ளியில் சேர்க்கப் போனபோது என்ன கேட்பார்களோ என்று மகள் மருத்துவச் சான்றுகளை எல்லாம் கட்டாக எடுத்து வந்திருந்தாள். அங்கிருந்த ஆசிரியை, எந்த ஊர் என்று கேட்டாள். சொன்னோம். நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தாள்; அவ்வளவுதான். "காலையில ஒன்பது மணிக்குக் கொண்டு வந்து விடுங்க" என்றாள். கட்டு பிரிக்கப்படவே இல்லை.

பேருந்து நிலையத்தில் மகள் அழுதாள். நான் மிளகு மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். ஆடுகிற பல்லோடு நானும் ஒன்று தின்றேன்.

செப்டம்பர் 9, திங்கள்

நம் மண்ணுக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை. மாடியில் பைகள் கட்டியபடியே இருக்கின்றன.

தங்கை காலையில் கூப்பிட்டாள். ஆற்றோரம் சேறு கொட்டி உயர்த்திய திடலில் பிள்ளைகளை விளையாட விட்டிருக்கிறார்களாம். கொசு முழங்கால் வரை சேறும் தலையில் ஒரு கைப்பிடியுமாக வீட்டுக்கு வருகிறாளாம். "இனிமே அங்க போகாதேன்னு சொல்லட்டுமாக்கா?" என்று கேட்டாள்.

வேண்டாம், விளையாடட்டும் என்றேன். சாப்பிடும் முன் கையை மட்டும் கழுவச் சொன்னேன்.